நத்தம், பாதை, கரை: வரைபடத்தில் ஒரு குடும்பத்தைத் தேடுதல்

1

'பூர்வீகம் எதுய்யா?' என்ற கேள்விக்கு என் அப்பா மூன்று இடங்களில் பதில் சொல்லியிருக்கிறார். கண்டியில் இந்தியத் தூதரகக் கிளையில் ஒருமுறை, மண்டபம் முகாமில் ஒருமுறை, ஊர் வந்து சேர்ந்த பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் ஒருமுறை. சொன்ன பதில் ஒன்றுதான். எழுதிக்கொண்டது மூன்று விதம்.

எங்கள் வீட்டுப் பேச்சில் ஊர் 'கந்தரக்கோட்டை'. தேயிலைத் தோட்டத்துப் பதிவேட்டில் அது ஆங்கில எழுத்தில் ஏறியது. குடும்ப அட்டை கைக்கு வந்தபோது அந்த ஆங்கிலத்தைத் தமிழில் திருப்பிப் படித்தவர்கள் 'கண்டரக்கோட்டை' என்றார்கள். அப்படியும் ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறது. பண்ருட்டிக்குப் பக்கத்தில், தென்பெண்ணை ஓரத்தில், அப்போதைய தென்னார்க்காடு ஜில்லாவில். அட்டையில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்ற சொல் கூட இருந்ததால் நாங்கள் அங்கே அனுப்பப்படாமல் தப்பித்தோம். அந்தத் தப்பிப்பும் சில மாதம்தான். நாங்கள் கப்பலில் வந்து இறங்கியது 1973 கடைசியில். 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து கந்தர்வக்கோட்டைப் பகுதி அதற்குள் போனது. அதற்கப்புறம் எந்த மேசைக்குப் போனாலும் 'அட்டையில தஞ்சாவூர்னு இருக்கு, இது புதுக்கோட்டை' என்று திருப்பினார்கள். ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. நாங்களும் வந்து சேர்ந்திருந்தோம். கோடு நகர்ந்துவிட்டது.

அப்போது எனக்கு ஏழு வயது. இதெல்லாம் அப்பா பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டவை. நானே கண்ணால் பார்த்தது 1986ல் அப்பாயி செத்தபோது நடந்தது. சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற தடம் ஒரு முந்திரிக்கொல்லை ஓரமாகப் போகும். அன்றைக்குக் கொல்லைக்காரர்கள் வந்து மறித்தார்கள். 'இது பட்டா எடம். சிலோன்லேர்ந்து வந்தவங்களுக்கு இங்க ஏது சுடுகாடு, ஏது பாத?' பாடை கீழே இறக்கி வைக்கப்பட்டது. வெயில் ஏறும்வரை பேச்சு நடந்தது. கடைசியில் ஏரிக்குள் இறங்கி, சேற்றில் கால் வைத்து, சுற்றிக்கொண்டு போய் அப்பாயியைப் புதைத்தோம்.

நான் வரைபடம் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். என் கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பாதைப் பிரச்சினை இன்னும் முடியவில்லை.

குடும்ப வரலாறு தேடுவது என்றால் பொதுவாக நமக்குத் தெரிந்த ஒரு மாதிரி உண்டு. பழைய வரைபடத்தை மேசையில் விரித்து, தாத்தாவின் வீட்டை, தோப்பை, கிணற்றை விரலால் தொட்டுக் காட்டுவது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது முடியும். வரைபடம் அவர்களிடம் வரி வாங்குவதற்காக எழுதப்பட்டது. வரி கட்டியவன் பெயர் அதன் துணைப் பதிவேட்டில் இருக்கும். வரி கட்டாதவன், அதாவது வரி கட்டுமளவு நிலம் இல்லாதவன், இதே வரைபடத்தை எப்படி வாசிப்பது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

எங்கள் ஊரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில். இந்த நிலப்பரப்பை அளந்த இரண்டு அதிகாரங்கள் அந்த ஒரே கோயில் சுவரில் தடம் பதித்திருக்கின்றன.

முதலாவது, ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை அளந்து, அதில் எவ்வளவுக்கு வரி உண்டு, எவ்வளவுக்கு இல்லை என்று அவை கணக்குச் சொல்கின்றன. வரியில்லாமல் கழித்த நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் சுடுகாடும் வருகின்றன. சேரியைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று, கழித்தல் கணக்கில் ஒரு வரி.

இரண்டாவது, வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து அவர் தொடங்கிய முக்கோண அளவை தெற்கே இறங்கி 1808ல் தஞ்சாவூர் வந்தது. டெல்டாவில் மலை இல்லை. ஆகவே கோபுரம்தான் மலை. ஏறக்குறைய அரை டன் கனமுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோயில் சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார். அளவை வரலாறுகள் எல்லாம் அவருடைய பொறுமையை வியக்கின்றன. கயிறு இழுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவை கேட்பதில்லை.

எட்டு நூற்றாண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டு அளவைகளையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. சோழர் கணக்கு கோயிலை மையமாக வைத்த விளைச்சல் பங்கீடு. கும்பினிக் கணக்கு கண்ணுக்குத் தெரியாத ஒரு முக்கோண வலையை நிலத்தின் மேல் விரித்து, எந்த இடத்தையும் அங்கே போகாமலேயே லண்டனில் உட்கார்ந்து பார்க்க முடியும் என்று நம்பியது. ஆனால் இரண்டிலும் சேரி, சுடுகாடு, பாதை ஆகியவை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அளந்து கழிக்க வேண்டிய மிச்சமாக. இன்றைய வருவாய்த்துறைச் சொல்லில் 'புறம்போக்கு'.

1980களின் கடைசியில் ஜே. பி. ஹார்லி எழுதிய கட்டுரைகள் வரைபடத்தின் மௌனங்களைப் பற்றிப் பேசின. வரைபடம் எதைக் காட்டுகிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் ஓர் அதிகாரச் செயல்பாடாக வாசிக்கவேண்டும் என்றார் அவர். பெனடிக்ட் ஆண்டர்சன் 1991 பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில் மக்கள்தொகைக் கணக்கு, வரைபடம், அருங்காட்சியகம் மூன்றையும் காலனிய அரசின் கற்பனைக் கருவிகளாகப் பார்த்தார். இவர்களிடமிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் படத்தை வைத்துப் பார்த்தபோது ஒன்று இடித்தது. மௌனம் என்பது வெறும் வெள்ளை இடமாக இல்லை. நத்தத்துக்கு ஓர் எண் உண்டு. சுடுகாட்டுக்கு ஓர் எண் உண்டு. எல்லை உண்டு, பரப்பு உண்டு. ஆள் மட்டும் இல்லை. நத்தத்துக்குள் வீடு வீடாக அளந்து மனைப்பட்டா கொடுப்பதெல்லாம் மிகப் பின்னால் வந்த வேலை. அதுவரை ஒரு தெரு முழுக்க ஒரே எண்ணுக்குள் அடைந்துகிடந்தது.

3

மாகாணத்தில் வயல் வயலாக அளந்து புல எண் கொடுக்கிற பெரிய வேலை 1858க்குப் பிறகு தொடங்கியது. அடிப்படையில் அது அரசு நேராக வரி வாங்கிய ரயத்துவாரிக் கிராமங்களுக்கானது. கந்தர்வக்கோட்டை ஜமீன். ஜமீனில் கணக்கு ஜமீனுக்குள். எங்கள் கிராமத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் புலப்படம், 1948ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த அளவையில் வந்தது. 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி, முக்கூட்டுக் கல், கைவரைவுக் கோடு. படத்தைக் கையில் வாங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் தேதி உறைத்தது.

அந்த அளவை நடக்கும்போது என் குடும்பம் ஊரில் இல்லை. எங்கள் தெருவில் பாதி இல்லை. மலைநாட்டில் லயத்தில் இருந்தது.

1948 என்ற அந்த ஆண்டை இரண்டு கரையிலிருந்தும் பார்க்கவேண்டும். இந்தக் கரையில், ஜமீன் ஒழிகிறது. யார் எந்த நிலத்தில் இருக்கிறார் என்று சர்க்கார் முதல் தடவையாக ஊர் ஊராக வந்து கேட்கப்போகிறது. அந்தக் கரையில், இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், உன் அப்பன் அல்லது பாட்டன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்கிறது. அங்கே அத்தாட்சி இல்லாததால் நாங்கள் இந்தியர்கள். இங்கே அளக்க வந்தபோது ஆள் இல்லாததால் நாங்கள் ஊர்க்காரர்கள் அல்ல. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974ல் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். அந்த 5,25,000க்குள் எங்கள் வீட்டில் ஐந்து பேர்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். வரைபடத்தில் இடம் எழுதியிருப்பதைப் போலவே ஒரு தேதியும் எழுதியிருக்கிறது. நாம் இடத்தை மட்டும் படிக்கிறோம். அந்தத் தேதியில் ஊரில் இருந்தவனுக்கு அது சாசனம். இல்லாதவனுக்கு அவன் எப்போதுமே இருந்ததில்லை என்பதற்கான சாட்சி. பஞ்சத்துக்கும் கடனுக்கும் ஊரை விட்டுப் போனவர்கள் யார் என்று பார்த்தால், தேதி தற்செயலாக விழுந்தது என்று சொல்ல முடியாது.

4

அப்பாயி தோட்டத்தில் பிறந்தது. ஊரைப் பார்த்ததே கிடையாது, 1973 வரை. ஆனால் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழி அதற்குத் தெரியும். அதன் மாமியார் சின்ன வயதில் நடந்து வந்த வழி. மாமியார் சொல்லிச் சொல்லி மருமகளுக்கு மனப்பாடம். பட்டா அப்பன் வழி மகனுக்குப் போகும். எங்கள் வீட்டில் பாதை மாமியார் வழி மருமகளுக்குப் போயிருக்கிறது.

'கந்தரக்கோட்டையில கெளம்புனா மொத ராத்திரி ஒரு ஏரிக்கரை. அப்பறம் ஆலங்குடி. அறந்தாங்கிக் கோட்டைக்கு வெளிய ஒரு ராத்திரி. மணமேல்குடி தாண்டி உப்பு வாடை அடிக்கும் பாரு, அப்பறம் அம்மாபட்டணம். அங்கன தோணிக்குக் காத்துக் கெடக்கணும்.' இடையில் ஒன்று சொல்லும்: 'வெள்ளக்காரன் சீமையில கெளம்பி, ராசா சீமையில நடந்து, மறுபடி வெள்ளக்காரன் சீமையில தோணி ஏறுனாங்களாம்.'

அப்பாயி உயிரோடு இருந்தபோது இதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். எழுதும்போது ஒரு தப்பு செய்தேன். கடைசி வாக்கியத்தை எழுதவில்லை. வயசான கட்டை, கதையாக ஏதோ சொல்கிறது என்று நினைத்தேன். கந்தர்வக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, மணமேல்குடி எல்லாமே புதுக்கோட்டை மாவட்டம். இதில் ராஜா சீமை எங்கே, வெள்ளைக்காரன் சீமை எங்கே?

பல வருஷம் கழித்து, விடுதலைக்கு முந்தைய நில அளவைத் துறைப் படம் ஒன்றைப் பார்த்தேன். எல்லைக் கோடுகள் தெளிவாக இருந்தன. கந்தர்வக்கோட்டை பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா. தெற்கே இறங்கினால் புதுக்கோட்டை சமஸ்தானம், ஆலங்குடி அதற்குள். அதைத் தாண்டினால் மறுபடி தஞ்சாவூர் ஜில்லா. அறந்தாங்கியும் மணமேல்குடியும் அம்மாபட்டணமும் அதில். சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணைந்து திருச்சி ஜில்லாவின் பகுதி ஆனது. அந்த நடைபாதை முழுவதும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தது 1974ல்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்த மாவட்டப் படத்தை வைத்து அப்பாயியைத் திருத்தியிருக்கிறேன். எழுத்தில்லாத அப்பாயி, நூறு வருஷத்துக்கு முந்தைய அரசியல் வரைபடத்தைத் தப்பில்லாமல் தலைக்குள் வைத்திருந்தது.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் பாடம் அது. முதலில் வீட்டுக் கிழவிகள் சொல்வதை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வரைபடத்தைத் திறவுங்கள். வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் நம் கேள்வியே அவர்கள் நினைவைத் திருத்திவிடும்.

இரண்டாவது, அந்தப் பழைய படங்களில் சத்திரங்களைப் பாருங்கள். ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்கள் இந்தப் பகுதி நெடுக உண்டு. ஒரத்தநாட்டில் சரபோஜி 1802ல் கட்டிய முத்தாம்பாள் சத்திரம், கடலோரத்தில் ராஜாமடம், மீமிசல். சேதுபாவாசத்திரத்தில் ஊர்ப் பெயரே சத்திரம். கையேடுகளிலும் படங்களிலும் பாதையின் கண்ணிகள் இவைதான். அப்பாயியின் பட்டியலில் ஒரு சத்திரம்கூட இல்லை. ஏரிக்கரை இருக்கிறது, கோட்டைக்கு வெளியே இருக்கிறது, புளியமரம் இருக்கிறது. கடலை நோக்கித்தான் இரண்டு கூட்டமும் நடந்தன. ஒருவருக்குக் கூரையும் சோறும் கிடைத்த இடங்கள் படத்தில் பெயரோடு இருக்கின்றன. மற்றவர்கள் படுத்த இடங்களுக்குப் பெயரில்லை. அப்பாயியின் பட்டியலைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் தீண்டாமை ஒரு பூகோளமாகத் தெரிகிறது. தனித்தனியாக எந்த ஒன்றிலும் அது தெரியாது.

5

கடற்கரைப் படம் பார்ப்பது இன்னொரு வகைச் சிக்கல். விடுதலைக்குப் பிறகு, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி, எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டர் வரை உள்ள பகுதிகளின் விரிவான நில அளவைத் தாள்கள் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 2005ல் தேசிய வரைபடக் கொள்கை வந்துதான் தளர்ந்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து கிட்டத்தில் உள்ள கடல் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். முந்திரியும் பலாவும் செம்மண்ணுமாகக் கிடக்கிற எங்கள் வறட்டு மேடு, அந்த விதிப்படி கடற்கரை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் எங்கள் குடும்பத்துக்கு அது உண்மைதான். எங்கள் ஊரின் கடைசித் தெரு அம்மாபட்டணத்தில்தான் முடிகிறது.

வேடிக்கை என்னவென்றால், நம் சர்க்கார் நமக்குக் காட்டாத இதே கரையை அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு 1950களில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவில் அச்சிட்டு, அது இன்றைக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்குப் பெரிதும் உதவியது அதுதான். பிரிட்டிஷ் காலத்து அளவையை ஆதாரமாகக் கொண்டு வரையப்பட்ட படம். கரையோரச் சதுப்பு, உப்பளம், ஏரிகள், வண்டித்தடங்கள் எல்லாம் இருக்கின்றன.

அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு அம்மாபட்டணத்துக்குப் போனேன். எங்கே தோணி ஏறினார்கள் என்று தேடினேன். கரை அகலமான சேற்றுக் கரை. அலை கிடையாது. தண்ணீர் உள்ளே போய்த் திரும்புகிற இடம் நாளுக்கு நாள் மாறுகிறது. கடலோரத்தில் வரைபடத்தை வாசிக்கிறவர் இதை மறக்கக்கூடாது. மலைக்கும் கோயிலுக்கும் இருக்கிற நிலையான புள்ளி கரைக்கு இல்லை. படத்தில் கெட்டியாக இருக்கிற கோடு, அளந்த நாளின் ஒரு சமரசம். நான் 'எந்த இடம்' என்று கேட்டபோது வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், 'தம்பி, கரையில எடம் பாக்காதீங்க. தண்ணி எத்தன பாகம்னு பாருங்க. தோணி அதப் பாத்துதான் நிக்கும்' என்றார். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ஆங்கிலேயர் கடல் படங்களிலும் ஆழம் அதே அளவையில்தான், அவர்கள் மொழியில். நிலப் படத்தை விட்டுவிட்டுக் கடல் படத்தைத் தேடச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

அந்தக் கடலுக்குப் படத்தில் 'பாக்' என்று பெயர். 1760களில் சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக். கடந்தவர்களின் பெயர் அதில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொண்டி, அம்மாபட்டணம், பாம்பன் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியில் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் செத்தவர்களுக்கு ஒரு சுடுகாட்டு எண்ணும் கிடையாது. 1900களின் தொடக்கத்தில் கழுத்தில் தொங்கவிட ஒரு தகர வில்லை வந்தது. எந்தத் தோட்டம் என்று அதில் எண் பொறித்திருக்கும். 1914ல் பாம்பன் பாலம் திறந்து ரயிலும் கப்பலும் இணைந்த பிறகு அம்மாபட்டணம் வழி மறந்துபோயிற்று. எண் மட்டும் தொடர்ந்தது. ஆளுக்குத் தகர வில்லை எண், வீட்டுக்கு லய எண், குடும்பத்துக்கு அட்டை எண். நிலத்துக்குக் கொடுத்த புல எண்ணை இந்தப் பக்கம் மனிதர் மேலேயே மாட்டிவிட்டார்கள்.

1974 ஜூனில் இரண்டு அரசுகளும் அந்தக் கடலில் ஒரு கோடு போட்டன. அதே வருஷம் ஜனவரியில் எங்கள் நடைபாதை ஒரே மாவட்டமாகச் சேர்ந்தது. ஜூனில் அதன் மீதித் துண்டு அறுந்தது. இன்றைக்கும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் போகிற படகுகளை அந்தக் கோட்டின் பெயரால்தான் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறது. பாக நீரில் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாராலும் கையால் தொட்டுக் காட்ட முடியாது. அது வரைபடத்தில் இருக்கிறது. அங்கே இருந்தால் போதும்.

6

இதைப் படிக்கிற நண்பர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். வரைபடமே ஆள்கிறவனின் பிரதி என்றால், அதை வைத்துக்கொண்டு நாம் ஏன் மனு எழுதவேண்டும்? அதன் மொழியில் பேசினால் அதன் தீர்ப்பையும் ஒத்துக்கொண்டதாக ஆகாதா?

எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் கோட்பாட்டுக்கு வெளியே நடந்தவற்றைப் பார்க்கிறேன். 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்கப் போராடியவர்கள் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டித்தான் எந்தப் புல எண் யார் கைக்கு மாறியது என்று காட்டினார்கள். 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் அந்தப் போராட்டத்தின்போது இரண்டு உயிர்கள் போயின. எண்ணூரில் 1996ல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த கழி, பிற்பாடு அரசு காட்டிய வேறொரு வரைபடத்தில் காணாமல் போயிருந்தது. 2017ல் மீனவர்களும் சூழலியல்காரர்களும் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் அந்த அழிப்பை ஊருக்குக் காட்டினார்கள். கடற்கரை நெடுகக் குப்பங்களில் வலை உலர்த்துகிற இடம், படகு ஏற்றுகிற இடம், பெண்கள் மீன் காயவைக்கிற இடம் இவற்றை மீனவர்களே அளந்து வரைந்துகொள்கிறார்கள். அரசுப் படத்தில் அவையெல்லாம் வெறும் மணல்.

ஆகவே எனக்குத் தோன்றுவது: ஒரு வரைபடத்தை இன்னொரு தேதியின் வரைபடத்தோடு மோதவிட வேண்டும். தனியாக எந்த ஒன்றையும் நம்பக் கூடாது. அதிகாரம் ஒரு தடவை எழுதி நிறுத்துவதில்லை; திரும்பத் திரும்ப எழுதுகிறது. எழுதும்போதெல்லாம் முன்பு எழுதியதைக் கொஞ்சம் மறக்கிறது. நாம் உள்ளே நுழைய முடிகிற இடம் அந்த மறதி. இரண்டுக்கும் மேலே கிழவியின் பட்டியலை வைக்கவேண்டும்.

7

முந்திரிக்கொல்லைக்குத் திரும்புகிறேன்.

1980களின் மறு அளவையில் வந்த புதிய புலப்படத்தில் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. புல எண் இருக்கிறது, உட்பிரிவு இருக்கிறது, மீட்டரில் அளவு இருக்கிறது. கொல்லைக்காரர்கள் காட்டியது அந்தப் படம்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1948 சட்டத்துக்குப் பிறகு வந்த சங்கிலிப் படத்தின் நகலை வாங்க எனக்கு இரண்டு வருஷம் அலைச்சல். வாங்கிப் பார்த்தால் நத்தத்தின் மூலையிலிருந்து சுடுகாட்டு எல்லைவரை இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்று போகிறது. பக்கத்தில் பென்சில் மாதிரி மங்கலாக 'தடம்' என்ற சொல். அவ்வளவுதான். என் தாத்தா பெயர் இல்லை. அப்பாயி பெயர் இல்லை. யாரோ ஓர் அளவர் அந்த வெயிலில் நின்றபோது தடம் கண்ணில் படுமளவுக்கு அங்கே கால்கள் நடந்திருக்கின்றன. நாங்கள் மலைநாட்டில் இருந்தபோது ஊரில் மிச்சமிருந்தவர்களின் கால்கள். குடும்ப வரலாறு என்று எனக்குக் கிடைத்த எழுத்து ஆதாரம் அந்தப் புள்ளிக்கோடு ஒன்றுதான். அது என் குடும்பத்துடையது மட்டும் அல்ல. சேரி மொத்தத்துடையது. அதனால்தான் அது செல்லும் என்று நினைக்கிறேன்.

குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். அளக்க வந்தார்கள். சங்கிலிக் கணக்கை மீட்டராக்கி, இரண்டு படத்தையும் பொருத்தி, ஒரு கல் நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் கல்லைக் காணோம். திரும்பவும் மனு. இதற்கிடையில் தெருவில் இரண்டு சாவு விழுந்தது. இரண்டு தடவையும் பாடை கொல்லை ஓரமாகவே போனது. சங்கிலிப் படத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்னால் ஒரு பையன் பிடித்துக்கொண்டு போனான். மறிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அப்பாயியின் பட்டியலில் முதல் ராத்திரி தங்கிய ஏரிக்கரையை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கந்தர்வக்கோட்டைக்கும் ஆலங்குடிக்கும் நடுவில் ஏரிகள் நிறைய, பாதி தூர்ந்துவிட்டன. தோட்டத்திலிருந்து திரும்பிய வேறு குடும்பங்களில் யாருக்காவது மாமியார் சொன்ன வழி ஒன்று மனப்பாடமாக இருக்கலாம். இருந்தால் எழுதி வையுங்கள். கடைசி வாக்கியத்தையும் விடாமல்.